டான்ஸ் பார்ட்டியில் சிவில் உடைப் பொலிஸ்: மூன்று தரம் கேட்டு வாங்கிவிட்டு வழக்குப் போடலாமோ?

மார்க்கம் மாமா · வெள்ளி இரவு 11:42

வணக்கம் உறவுகளே. எனக்காக இல்லை, அக்காவின் மகனுக்காகக் கேட்கிறேன். வயது 22. கல்லூரி முடித்து ஒரு கிடங்கில் வேலை. கனடா வந்து ஆறு வருஷம். நிரந்தர வதிவிட அட்டை இருக்கிறது, குடியுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. "பிறகு போடலாம் மாமா" என்று இழுத்துக்கொண்டே வந்தவன்.

சில வாரங்களுக்கு முன் ரொறன்ரோ மேற்கில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் விடிய விடிய டான்ஸ் பார்ட்டி. இவனும் இரண்டு சிநேகிதரும் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு பெண் இவர்களோடு சேர்ந்து ஆடினாள். சுவிங்கம் கொடுத்தாள், தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் கொடுத்தாள். குளிசை இருக்கோ என்று கேட்டாள். இல்லை என்றான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டாள். இல்லை என்றான். மூன்றாம் தரம், "என் சிநேகிதிக்குப் பிறந்தநாள், இரண்டே இரண்டு" என்றாள். இவன் போய்ச் சிநேகிதன் ஒருவனிடம் இரண்டு வாங்கி, அவன் சொன்ன அதே 40 டொலருக்கு அவளிடம் கொடுத்தான். ஒரு சதம் லாபமில்லை. நடுவில் பகிடியாக "நீ பொலிஸோ?" என்றும் கேட்டிருக்கிறான். "என்னைப் பார்த்தால் அப்படியா இருக்கு?" என்று சிரித்தாளாம். இந்த மடையன் தன் இன்ஸ்டாகிராமையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

பத்து நாள் கழித்துக் காலை ஆறு மணிக்குக் கதவில் தட்டு. அக்கா புட்டு அவித்துக்கொண்டிருந்தவ. அவனைக் கூட்டிக்கொண்டு போய் வெகுநேரம் வரைக்கும் அடுப்பை நிறுத்தவே அவவுக்குத் தோன்றவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். நீ பொலிஸா என்று கேட்டால் அவர்கள் உண்மை சொல்ல வேண்டாமா? தாங்களே கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டு அதற்கே வழக்குப் போடலாமா?

நேர்கோடு · வெள்ளி இரவு 11:58

கொடுத்தானா, இல்லையா? கொடுத்தான். முடிந்தது. நூறு தடவை கேட்டாலும் "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நம் பிள்ளை என்றவுடன் பொறி, கண்ணி என்று பேசுகிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளை என்றால் "நல்ல வேலை செய்தார்கள்" என்போம்.

மார்க்கம் மாமா · சனி அதிகாலை 12:06

தம்பி, நீங்கள் சொல்வதில் பாதியை நானே அவனுக்குச் சொல்லிவிட்டேன், இன்னும் கெட்ட வார்த்தையில். மற்றப் பாதிக்குத்தான் விடை தேடுகிறேன்.

கறுப்பங்கி · சனி காலை 8:15

பிராம்ப்டனில் குற்ற வழக்குகள் பார்க்கிறேன். இது பொதுவான விளக்கம்தான், உங்கள் மருமகனுக்கான சட்ட ஆலோசனை இல்லை. முதல் வேலையாக அவருக்கென்று ஒரு வழக்கறிஞரைப் பிடியுங்கள்.

"நீ போலீஸா" சமாச்சாரம் வெறும் கட்டுக்கதை. கனடா, அமெரிக்கா, பிரிட்டன் எங்குமே மஃப்டியில் வருகிறவர் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. கேட்டவுடன் "ஆமாம்" என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த வேலைக்கே அர்த்தமில்லையே.

"லாபமில்லை" என்பதும் தப்பிக்க உதவாது. இங்குள்ள போதைப்பொருள் சட்டத்தில் டிராஃபிக்கிங் என்றால் விற்பது மட்டுமில்லை. சும்மா கொடுப்பது, கைமாற்றுவது, கொண்டுபோவது, அனுப்புவது எல்லாமே அதற்குள் அடக்கம். பிறந்தநாள் பரிசாக இலவசமாகக் கொடுத்திருந்தாலும் அதே பிரிவுதான். லாபம் பார்க்கவில்லை என்பதைத் தண்டனையைப் பற்றிப் பேசும் கட்டத்தில் எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். அந்த மாத்திரை எம்டிஎம்ஏ (எக்ஸ்டசி) என்றால் இன்னும் கனம். 2012-இல் அதை ஹெராயின், கொக்கெய்ன் இருக்கும் முதல் அட்டவணைக்கு ஏற்றிவிட்டார்கள். அதிகபட்ச தண்டனை ஆயுள்.

பயப்படாதீர்கள், இரண்டு மாத்திரைக்கு யாரும் ஆயுள் கொடுக்கப் போவதில்லை. ஆனால் அந்த "அதிகபட்சம்" வேறு இடத்தில் கடிக்கும். குடிவரவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு நீதிபதி கொடுத்த தண்டனையை மட்டும் பார்ப்பதில்லை. பத்து வருடமோ அதற்கு மேலோ அதிகபட்ச தண்டனை உள்ள குற்றத்தில் தீர்ப்பாகிவிட்டால் போதும், நிரந்தர வதிவாளருக்கு அது "கடுமையான குற்றம்". நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கலாம். ஆறு மாதமோ மேலோ சிறை விழுந்தால் அதற்கு மேல்முறையீடு செய்யும் உரிமையும் போய்விடும். 'முதல் குற்றம்தானே, ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம்' என்று யாராவது சொன்னால், குடிவரவு வழக்கறிஞரையும் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். பலர் அங்கேதான் தவறுகிறார்கள்.

பொறி, அதாவது போலீஸே ஆளைக் குற்றத்தில் மாட்டவைப்பது, பற்றிய பதில் நீளம். மதியம் வருகிறேன், மகளுக்கு நீச்சல் வகுப்பு.

கிள்ளான்காரி · சனி காலை 9:03

கனடாவில் இதையெல்லாம் வாதமாகவாவது எடுக்கலாம். மலேசியாவில் 1952-ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்திலேயே 40ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. தூண்டிவிட வந்தவர் என்பதற்காக அவர் சாட்சியத்தை ஒதுக்க முடியாது என்று எழுதியே வைத்துவிட்டார்கள். அதோடு இங்கே கேளிக்கை மையத்தில் ரெய்டு என்றால் விற்றவனை மட்டும் தேட மாட்டார்கள். உள்ளே இருந்தவர்களைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு நிறுத்துவார்கள். உடம்பில் இருந்தாலே 15-ஆம் பிரிவு, 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை உள்ளே.

சுருதிபேதம் · சனி முற்பகல் 10:30

ஸ்காபரோவில் இருந்து. 90-களின் கடைசியில் இருந்து இந்த நகரத்துப் பார்ட்டிகளில் ஒலி அமைப்பும் கொஞ்சம் டிஜே வேலையும் செய்தவன். இப்போது கல்யாண மண்டபங்கள்தான், முதுகு விடுகுதில்லை.

ரொறன்ரோவுக்கும் விடிய விடிய ஆடுகிற இந்த ரேவ் பார்ட்டிக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1999 ஒக்டோபரில் ஒரு நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் நடந்த பார்ட்டியில் ஒரு மாணவர் எக்ஸ்டசி எடுத்து இறந்துபோனார். 2000-இல் மரண விசாரணை. மாநகரசபை பயந்துபோய், நகரசபைக்குச் சொந்தமான இடங்களில் ரேவ் கூடாது என்று மே மாதம் நிறுத்திவிட்டது. ஆனால் அந்த மரண விசாரணை ஜூரி சொன்னது நேர்மாறு: நகரசபை மண்டபங்களில் நடக்க விடுங்கள், அங்கேதான் தண்ணீர் இருக்கும், காற்று இருக்கும், வெளியேறும் வழி இருக்கும் என்று. ஒகஸ்ட் முதலாம் திகதி நாங்கள் எல்லோரும் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில், நகரசபைக் கட்டடத்தின் வாசலிலேயே, பட்டப்பகலில் ஸ்பீக்கர் வைத்து ஆடினோம். கிழவிகள் குடையோடு நின்று பார்த்தார்கள். அடுத்த சில நாட்களில் தடையை எடுத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் பணம் கட்டிச் சீருடைப் பொலிஸைக் கூப்பிட வேண்டும். சீருடைக்காரர் வாசலில் கோப்பிக் கப்போடு நிற்பார், பிரச்சினையே இல்லை. சிவில் உடைக்காரரைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை, சப்பாத்தைப் பார்த்தால் போதும். ஐந்து மணித்தியாலம் ஆட வந்தவன் கழுவிய புதுச் சப்பாத்தோடு வரமாட்டான். இப்போது அவர்களும் படித்துவிட்டார்கள் போல.

நேர்கோடு · சனி முற்பகல் 10:44

சப்பாத்து ஆராய்ச்சி எல்லாம் எதற்கு? ஒளிக்க எதுவும் இல்லாதவனுக்கு யார் எந்தச் செருப்புப் போட்டு வந்தால் என்ன?

சுருதிபேதம் · சனி முற்பகல் 10:51

அண்ணை, ஒருக்கால் ஆட வந்து பாருங்கோ. ஓசி டிக்கெட் தாறேன்.

கறுப்பங்கி · சனி பிற்பகல் 2:20

சரி, இப்போது பொறி.

கனடாவில் இதன் அடித்தளம் 1988-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த மேக் தீர்ப்பு. அதில் போலீஸுக்கு உளவு சொன்ன ஆள் ஆறு மாதமாக ஒருவரைத் துரத்தியிருக்கிறார். மேக் பழைய வாழ்க்கையை விட்டுவிட்டவர், திரும்பத் திரும்ப மறுத்தார். கடைசியில் ஒருநாள் காட்டுக்குள் நடக்கக் கூட்டிப்போய், இங்கே மனுஷன் காணாமல் போகலாம் என்கிற மாதிரிப் பேசியிருக்கிறார் உளவாளி. நீதிமன்றம் வழக்கையே நிரந்தரமாக நிறுத்திவிட்டது.

அந்தத் தீர்ப்பின்படி போலீஸ் இரண்டு விதமாகத் தப்புப் பண்ணலாம். ஆள்மீது நியாயமான சந்தேகமும் இல்லை, உண்மையான விசாரணை எதுவும் அந்த இடத்தில் நடக்கவும் இல்லை, ஆனாலும் குற்றம் செய்ய வாய்ப்பை நீட்டினார்கள் என்பது ஒன்று. சந்தேகம் இருந்தது, ஆனால் வாய்ப்பை நீட்டுவதோடு நிற்காமல் குற்றத்தையே தூண்டி உண்டாக்கினார்கள் என்பது மற்றது. உங்கள் கோபம் முழுக்க இரண்டாவதில் இருக்கிறது. எத்தனை தடவை கேட்டார்கள், நட்பையோ இரக்கத்தையோ பயன்படுத்தினார்களா, மிரட்டினார்களா, சராசரி மனிதன் அந்த இடத்தில் இருந்தால் வளைந்திருப்பானா என்றெல்லாம் பார்ப்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரே இரவில் மூன்று தடவை கேட்டது, ஒரு பிறந்தநாள் கதை, இதை மட்டும் வைத்து அந்த வழியில் ஜெயிப்பது மிகக் கஷ்டம். மேக்கின் ஆறு மாதத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

எனக்கு ஆசை முதலாவது வழியில். அங்கே கேள்வி, அந்தப் பெண் எத்தனை தடவை கேட்டார் என்பது இல்லை. முதல் தடவை வாயைத் திறக்கும் முன் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான்.

வான்கூவரில் நடந்த பார்ன்ஸ் வழக்கைப் பாருங்கள், தீர்ப்பு 1991. கிரான்வில் மால் என்று ஆறு பிளாக் நீளமான கடைத்தெரு. மஃப்டியில் வந்த ஒரு பெண் அதிகாரி, கசங்கிய உடையில் நின்ற ஒருவரைப் பார்த்து 'வீட் (கஞ்சா) இருக்கா' என்கிறார். இல்லை என்கிறார் அவர். கூட நின்ற நண்பர் 'அவளுக்கு வீட் வேணுமாம்' என்று எடுத்துக் கொடுக்கிறார். மறுபடி இல்லை. இன்னொரு தடவை கேட்டதும் 15 டாலருக்குக் கொஞ்சம் கஞ்சாப் பிசின் கொடுத்துவிட்டார். ஆள்மேல் சந்தேகப்படக் காரணமில்லை என்று உச்ச நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. ஆனால் அந்தத் தெருவில் போதைப்பொருள் விற்பனை நடப்பது போலீஸுக்குத் தெரியும், அங்கே உண்மையான விசாரணை நடந்தது, ஆகவே அங்கே நிற்கிற யாரிடமும் கேட்கலாம் என்று தீர்ப்பு. சாயலைப் பாருங்கள் மாமா: பெண் அதிகாரி, இரண்டு மறுப்பு, மூன்றாவதில் சம்மதம். பார்ன்ஸ் தோற்றார்.

அப்படியே விட்டிருந்தால் "டான்ஸ் பார்ட்டி என்றால் போதைப்பொருள் இருக்கும், உள்ளே இருக்கிற யாரிடமும் கேட்கலாம்" என்று ஆகியிருக்கும். 2020-இல் இரண்டு வழக்குகளைச் சேர்த்து அகமது தீர்ப்பு வந்தது, நீதிபதிகள் ஐந்துக்கு நாலு. இரண்டும் டொரண்டோ வழக்குகள். இந்த நம்பரில் ஒருத்தன் சரக்கு விற்கிறான் என்று துப்பு வர, போலீஸ் அழைக்கிறது. ஒன்றில், 'நீ உதவுவாய் என்று சொன்னார்கள்' என்றதும் மறுமுனை 'என்ன வேணும்' என்று கேட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் அதிகாரி சரக்கின் பேரைச் சொன்னார். சந்தேகம் அந்தப் பேச்சிலேயே பிறந்துவிட்டது, பொறி இல்லை என்றார்கள். மற்றதில், மறுமுனை பிடிகொடுத்துப் பேசும் முன்பே அதிகாரி '80 வேணும்' (80 டாலருக்குச் சரக்கு) என்று தானே கேட்டுவிட்டார். அது பொறி, வழக்கு நிறுத்தம். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரேயொரு வாக்கியம்.

இடத்தைப் பற்றியும் அதில் சொன்னார்கள்: வெறும் துப்பை வைத்து ஒரு பெரிய வட்டம் போட்டு, அதற்குள் இருக்கிற எல்லாரையும் சோதித்துப் பார்க்க முடியாது. இடம் துல்லியமாக இருக்க வேண்டும், அந்த இடத்தைச் சந்தேகிக்க உண்மைத் தகவல் வேண்டும். ஆகவே உங்கள் வழக்கறிஞர் முதலில் துருவ வேண்டியது, அந்தக் கட்டடத்தைப் பற்றி, அந்த நிகழ்ச்சியைப் பற்றி போலீஸிடம் என்ன இருந்தது என்பதை. "ரேவ் என்றாலே அப்படித்தான்" என்பது தகவல் இல்லை, அபிப்பிராயம்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். பொறி என்பது "நான் செய்யவில்லை" என்ற வாதம் இல்லை. குற்றம் நிரூபணமான பிறகுதான் இது மேசைக்கு வரும். நிரூபிக்கும் சுமை நம் பக்கம், நீதிபதி மட்டும் முடிவு செய்வார். ஜெயித்தால் விடுதலை என்று சொல்ல மாட்டார்கள், வழக்கை நிரந்தரமாக நிறுத்திவிடுவார்கள். ஆனால் தீர்ப்பு பதிவாகாது, 36-ஆம் பிரிவும் தொடாது. உங்களுக்கு வேண்டியது அதுதானே.

ஹட்சன்கரை · சனி மாலை 5:10

நல்ல விளக்கம் சார். எல்லைக்கு இந்தப் பக்கம் கணக்கே வேறு. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் "இவன் ஏற்கெனவே இதைச் செய்யத் தயாராக இருந்தவனா" என்று ஆளின் மனதைத் தோண்டும். முதல் பெரிய வழக்கு 1932, சாரெல்ஸ். மதுவிலக்குக் காலம், வடக்கு கரோலினா. சுற்றுலாப் பயணி போல வந்த அதிகாரி விஸ்கி கேட்கிறார், சாரெல்ஸ் மறுக்கிறார். பேசிப் பார்த்தால் இருவரும் முதல் உலகப் போரில் ஒரே 30-ஆவது டிவிஷன். போர்க்கதை பேசிப் பேசி, மறுபடி மறுபடி கேட்டு, கடைசியில் அரை கேலன் விஸ்கி 5 டாலருக்கு. பொறி என்ற வாதத்தை ஜூரி முன் வைக்க விட்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தது. அங்கே பட்டாளச் சிநேகம், இங்கே பிறந்தநாள்.

ஆனால் அந்த அளவுகோலில் ஒரு விஷம் உண்டு. "தயாராக இருந்தவன்" என்று காட்டுவதற்காக அரசுத் தரப்பு ஆளின் பழைய கதையெல்லாம் கொண்டுவரும். முன்னால் ஒரு கேஸ் இருந்தவனுக்குக் கதவு பாதி மூடியது மாதிரி. மேக் தீர்ப்பு அந்த வழியை வேண்டுமென்றே விட்டுவிட்டு, போலீஸ் என்ன செய்தது என்று பார்க்கிறது. எனக்கு அது நாகரிகமாகப் படுகிறது.

டான்ஸ் பார்ட்டி என்றதும் ஞாபகம் வருவது நியூ ஆர்லியன்ஸின் ஸ்டேட் பேலஸ் தியேட்டர். 1998-இல் அங்கே போய்வந்த 17 வயதுப் பெண் இறந்த பிறகு, கூட்டாட்சிப் போதைப்பொருள் அதிகாரிகள் ஆட வந்தவர்கள் போல உள்ளே போய் மாத்திரை வாங்கிக் குவித்தார்கள். கடைசியில் 2001-இல் குற்றம் சாட்டியது விற்ற பசங்களை இல்லை, நிகழ்ச்சி நடத்தியவர்களை! கோகெய்ன் கிராக் புகைக்கும் வீடுகளுக்காக 1986-இல் போட்ட சட்டத்தின் கீழ். கம்பெனி ஒப்புக்கொண்டு 1,00,000 டாலர் அபராதம் கட்டியது. ஒப்பந்தத்தில் ஒளிரும் குச்சி, குழந்தைகள் வாயில் வைக்கும் சூப்பான், முகமூடி எல்லாம் தடை. ஆடிக் களைத்தவர்கள் ஆறுவதற்கான குளிர் அறையும் கூடாது. குளிர் அறை உயிர் காக்கிற சமாச்சாரம் ஐயா, அது எப்படி ஆதாரமாகும்? 2003-இல் அந்தச் சட்டத்தையே நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கும் பொருந்துகிற மாதிரி விரித்துவிட்டார்கள்.

இரவுப்பணி · சனி இரவு 9:37

அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி. குளிர் அறை பற்றிச் சொன்னதற்கு நன்றி. உடல்வெப்பம் 41-ஐத் தாண்டிய பிள்ளையை ஐஸ் பையோடு பிடித்துக்கொண்டு நின்றவள் நான். சட்டம் எனக்குத் தெரியாது, ஆனால் பயம் என்ன செய்யும் என்று தெரியும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2017-க்கும் 2019-க்கும் இடையில் இசை விழாக்களில் ஆறு இளையவர்கள் இறந்தார்கள். மரண விசாரணை அதிகாரி ஹாரியட் கிரஹாம் 2019-இல் அறிக்கை கொடுத்தார். இறந்த ஒரு பெண், வாசலில் பொலிஸிடம் பிடிபடுவோமோ என்று பயந்து, உள்ளே போகும் முன்பே குளிசைகளைச் சேர்த்து விழுங்கியிருக்கிறாள். மோப்ப நாய்களை விலக்குங்கள், குளிசையைப் பரிசோதித்துச் சொல்லும் வசதி கொடுங்கள் என்று பரிந்துரைத்தார்.

பெற்றோர் வாசிப்பார்கள் என்பதால் ஒன்று. கனடாவில் 2017-இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. யாராவது அளவுக்கு மீறி எடுத்து விழுந்தால் 911-க்கு அழையுங்கள். அழைத்தவர்மீதும் கூட நின்றவர்மீதும், தங்கள் பாவனைக்காக வைத்திருந்தார்கள் என்று வழக்குப் போட முடியாது. விற்றதற்குப் பாதுகாப்பு இல்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். ஓடிவிடுகிறார்கள்.

நேர்கோடு · சனி இரவு 10:02

அக்கா, நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குளிசை யாரோ ஒருவன் விற்றதால்தானே உங்கள் மேசைக்கு வந்தது? விற்கிறவனை வேறு எப்படிப் பிடிப்பது? திருட்டு நடந்தால் வீட்டுக்காரன் முறைப்பாடு கொடுப்பான். இங்கே வாங்கினவனும் வாய் திறக்கமாட்டான், விற்றவனும் திறக்கமாட்டான். உள்ளே ஆள் அனுப்பாமல் முடியாது.

கறுப்பங்கி · சனி இரவு 10:40

நேர்கோடு சொல்வது சரியான வாதம். நீதிமன்றங்களும் இதே காரணத்தைச் சொல்லித்தான் மஃப்டி வேலையை அனுமதிக்கின்றன. உள்ளே போகலாமா என்பதில் எனக்குச் சண்டையே இல்லை.

ஈஸ்ட்ஹாம்வாசி · ஞாயிறு காலை 7:25

லண்டன் பக்கத்துக் கணக்கு. 1979-இல் சாங் வழக்கில், இங்கிலாந்துச் சட்டத்தில் பொறி என்று ஒரு தற்காப்பே கிடையாது என்றார்கள், அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை நீதிபதிகள். 2001-இல் லூஸ்லி தீர்ப்பில், தற்காப்பு இல்லைதான், ஆனால் அரசே குற்றத்தை உண்டாக்கிவிட்டு அதற்கே வழக்குப் போடுவது நீதிமன்றத்தைத் துர்ப்பிரயோகம் செய்வது, வழக்கை நிறுத்தலாம் என்றார்கள். லூஸ்லி தோற்றுவிட்டார். கில்ட்ஃபோர்டில் ஒரு பப்பில் கிடைத்த நம்பருக்கு அழைத்த அதிகாரி, சாதாரண வாடிக்கையாளர் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். அதே தீர்ப்பில் வந்த மற்ற வழக்கு சுவாரசியம்: அதிகாரிகள் மலிவான கள்ளச் சிகரெட் கொடுத்துக் கொடுத்துப் பழகி, பிறகு ஹெராயின் வாங்கித் தரச் சொல்லி நச்சரித்தார்கள். அந்த ஆளுக்கு ஹெராயினில் நாட்டமே இல்லை, சிகரெட்டுக்காகச் செய்தார். அது பொறி.

ஓர் இடைச்செருகல். இங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரேவ் இசைக்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள்: "திரும்பத் திரும்ப வரும் தாளங்களின் தொடர்ச்சி" மேலோங்கிய இசை. 1992-இல் காசில்மோர்ட்டன் மேய்ச்சல் வெளியில் ஆயிரமாயிரமாய்க் கூடி ஒரு வாரம் ஆடிய கடுப்பில் எழுதியது. நல்லூர்த் திருவிழாவில் தவில் சமாவைக் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்களோ.

கோடம்பாக்கம்வாசி · ஞாயிறு காலை 8:11

சென்னையில் இருந்து. இங்கே வாதமெல்லாம் இந்தியப் போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆவது பிரிவைச் சுற்றித்தான் சார். உடம்பைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கச் சொல்லும் உரிமை உனக்கு உண்டு என்று சொன்னார்களா இல்லையா. அப்புறம் எடை. எம்டிஎம்ஏ அரை கிராம் வரை சிறிய அளவு, 10 கிராமைத் தாண்டிவிட்டால் வணிக அளவு, பெயில் குதிரைக்கொம்பு. மஃப்டிக்காரர் தூண்டினார் என்பதைத் தனித் தற்காப்பாக வைத்து ஜெயித்ததை நான் பார்த்ததில்லை. அந்தப் பார்ட்டி எந்தக் கட்டடத்தில் நடந்தது மாமா? யார் நடத்தினது?

மட்டுறுத்துநர் · ஞாயிறு காலை 8:30

கட்டடம், நடத்தியவர்கள், அதிகாரி பற்றிய விவரம் எதுவும் இங்கே வேண்டாம். அதைக் குறிப்பிட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

மார்க்கம் மாமா · 19 நாள் கழித்து, வியாழன் இரவு 10:15

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். சட்டத்தரணி பிடித்தாயிற்று, பிணையில் வீட்டில்தான் இருக்கிறான், இரவு ஒன்பதுக்குப் பிறகு வெளியே போக முடியாது. கறுப்பங்கி ஐயா சொன்ன மாதிரியே, அந்தக் கட்டடத்தைப் பற்றி என்ன தகவல் இருந்தது என்றுதான் சட்டத்தரணி முதல் கேட்டார். பொலிஸ் தரப்பு ஆவணங்கள் வந்திருக்கின்றன. அவருடைய அலுவலகத்தில் உட்கார்ந்து மருமகன் வாசிக்க, நானும் பக்கத்தில் இருந்தேன்.

நான் உங்களுக்கு எழுதிய கதை அந்தப் பெண்ணின் நோட்டில் அப்படி இல்லை. மூன்று தரம் கேட்டது இருக்கிறது, பிறந்தநாளும் இருக்கிறது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு வரி. இவன்தான் முதலில் அவளிடம் போய் "யூ குட்?" என்று கேட்டானாம். அதற்குப் பிறகுதான் அவள் குளிசை பற்றிக் கேட்டாளாம். பொடியனைப் பார்த்தேன். "ஓம் மாமா, கேட்டனான். தனியச் சுவரோடு சாய்ந்து நின்றவ, சுகமில்லையோ என்று கேட்டனான்" என்கிறான். இதை ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை என்றால், "அது ஒரு விஷயமே இல்லையே" என்கிறான்.

எனக்கு நெஞ்சு இடிக்கிறது. இவன் விற்கப் போனவனோ, தண்ணீர் கொடுக்கப் போனவனோ?

கறுப்பங்கி · வியாழன் இரவு 10:31

மாமா, முதலில் ஒரு திட்டு. டிஸ்க்ளோஷரில் (போலீஸ் தரப்பு கொடுத்த ஆவணங்களில்) இருப்பதைப் பொதுவெளியில் எழுதக் கூடாது. உங்கள் வழக்கறிஞர் அதற்கு உறுதிமொழி கொடுத்துத்தான் வாங்கியிருப்பார். இனி ஒரு வரிகூட வேண்டாம்.

எழுதிவிட்டீர்கள் என்பதால் பொதுவாக மட்டும் சொல்கிறேன். அகமதுவில் நடுவில் இருந்த அந்த ஒரு வாக்கியம் ஞாபகம் இருக்கிறதா? "என்ன வேணும்." "யூ குட்" என்பது அந்த ஜாதியா, இல்லை வெறும் நலம் விசாரிப்பா? முதலாவது என்றால், அதிகாரி கேட்கும் முன்பே சந்தேகத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இரண்டாவது என்றால், ஒன்றுமில்லாத இடத்தில் அவர் வாய்ப்பை நீட்டினார், கட்டடத்தைப் பற்றி அவர்களிடம் உறுதியான தகவல் இல்லாத பட்சத்தில். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நான் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் போகிறவன்.

நேர்கோடு · வியாழன் இரவு 10:50

முன்பின் தெரியாத பெண்ணிடம் இரவு ஒரு மணிக்குப் போய் "யூ குட்" என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

சுருதிபேதம் · வியாழன் இரவு 11:36

தெரியாது அண்ணை. அதுதான் சிக்கலே.

இருபது வருஷத்துக்கு மேல் அந்த இருட்டில் நின்றவன் சொல்கிறேன். "யூ குட்?" இரண்டு இருக்கிறது. ஒருவன் பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு, காதுக்குக் கிட்ட மெல்லக் கேட்பான். கை சட்டைப்பைக்குள் இருக்கும். கேட்டுவிட்டு நிற்காமல் நகருவான், வேணுமென்றால் நீ பின்னால் போக வேண்டும். அது கடை.

மற்றது, ஆள் முன்னால் வந்து நிற்பான். கொஞ்சம் குனிவான், கண்ணைப் பார்ப்பான். பெருவிரலைத் தூக்கிக் காட்டுவான், ஏனென்றால் பாஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. பதில் வரும் வரை போகமாட்டான். கையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கும். அது ஆள் பார்க்கிறது. சுவரோடு சாய்ந்து தனியே நிற்கிற யாரையும் அப்படிக் கேட்காமல் போகக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் டிரிப் திட்டத்துப் பிள்ளைகள். 1995-இலிருந்து இந்த நகரத்துப் பார்ட்டிகளில் மேசை போட்டு, காதடைப்பானும் ஆணுறையும் துண்டுப் பிரசுரமும் கொடுத்துக்கொண்டு இருந்தவர்கள். 99-க்குப் பிறகு அது எங்களுக்கு வழக்கமாகவே போய்விட்டது. பழகிய பொடியளுக்கு அது வணக்கம் சொல்கிற மாதிரி. அதனால்தான் உங்கள் மருமகன் 'விஷயமே இல்லை' என்றான்.

சொல் ஒன்றுதான். எங்கே நின்று கேட்டான், கை எங்கே இருந்தது, நின்றானா நகர்ந்தானா என்பதில்தான் எல்லாம். நோட்டில் அது இருக்கா?

இரவுப்பணி · வியாழன் இரவு 11:44

நாங்களும் வார்டில் அதைத்தான் கேட்கிறோம். "யூ குட், ஹனி?"

மார்க்கம் மாமா · வெள்ளி அதிகாலை 12:20

நோட்டில் என்ன இருக்கு என்று எழுதமாட்டேன், ஐயா திட்டுவார். கை எங்கே இருந்தது என்று பொடியனிடம் கேட்டேன். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன் என்கிறான். அவள்தான் வாங்கிக் கொடுத்தவள் என்று நீ முதலில் சொன்னாயே என்றேன். அது இரண்டாவது போத்தலாம். முதலாவது இவனுடையதாம்.

சுருதிபேதம் தம்பி, இதை நீங்கள் கோர்ட்டில் வந்து சொல்லுவீர்களோ?

கறுப்பங்கி · வெள்ளி காலை 7:02

இங்கே பதில் சொல்ல வேண்டாம் சுருதிபேதம். மாமாவின் வழக்கறிஞர் உங்களை அழைக்கட்டும். இரண்டு பேரும் தனிமடலில் நம்பர் மாற்றிக்கொள்ளுங்கள். மட்டுறுத்துநர், இந்த இழையைப் பூட்டிவிடுவது நல்லது.

சுருதிபேதம் · வெள்ளி காலை 7:40

தனிமடல் போட்டாயிற்று. கோட் போட வேண்டுமோ என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ. இருக்கிற ஒரே கோட் கல்யாண மண்டபக் கோட், மினுங்கும்.

மட்டுறுத்துநர் · வெள்ளி காலை 7:55

இழை பூட்டப்பட்டது.